ஏரிக்கரை யாருக்குச் சொந்தம்? – இந்த மாதப் பாடம்



சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு, பதிவேடு எழுதுவது என்று நிறையப் பாடங்களை நாம் சேர்ந்து படித்திருக்கிறோம். இந்த மாதம் கொஞ்சம் வேறு மாதிரியான பாடம். பணத்தைப் பற்றியது இல்லை, பொதுச் சொத்தைப் பற்றியது. நம் மாவட்டத் தலைநகரில் இருக்கிற ஊட்டி ஏரியை எடுத்துக்கொள்வோம். எங்கோ இருந்து வருகிற சுற்றுலாப் பயணிகள் அதைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் அட்டிகளிலும் எஸ்டேட் லைன்களிலும் இருக்கிற நம் சகோதரிகளிடம், "ஏரிக்கரையில் கடைசியாக எப்போது உட்கார்ந்தீர்கள்?" என்று கேட்டால் பலபேர் சிரிக்கிறார்கள். "சின்னப் புள்ளையில ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனாங்க, அதோட சரி" என்பதுதான் நாங்கள் அதிகமாகக் கேட்ட பதில்.

ஏன் இப்படி? ஏரி நமக்கு இல்லையா? அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப்போகிறோம்.

பாடத்தின் நோக்கம்

இந்தப் பாடத்தைக் குழுவில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசி முடிக்கும்போது மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

1. நீர்நிலையின் கரை பொதுச் சொத்து என்பது.
2. அந்தக் கரைக்கு மக்கள் போய்வர என்னென்ன தேவை என்பது.
3. அதை யாரிடம், எப்படிக் கேட்பது என்பது.

ஏரி வந்த கதை

ஊட்டி ஏரி இயற்கையாக உண்டான ஏரி இல்லை. நம் மலையில் தோடர்கள் எருமை மேய்த்த பள்ளத்தாக்கில் ஓடிய ஓடைகளை மறித்து உண்டாக்கியது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1823 முதல் 1825 வரை இந்த வேலையைச் செய்தார். இப்போது அதற்கு இருநூறு வயது ஆகிவிட்டது. தொடக்கத்தில் மீன் பிடிக்கவும், ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் படகில் போகவும் ஏரி பயன்பட்டது.

அன்றைக்கு இருந்த ஏரி இன்றைக்கு இருப்பதைவிடப் பெரியது. இன்று சுமார் 65 ஏக்கர்தான். மீதி எங்கே போனது? நாம் மார்க்கெட்டுக்குக் கேரட் கொண்டுவந்து போட்டுவிட்டு, திரும்பிப் போகப் பஸ்சுக்குக் காத்திருக்கிறோமே, அந்தப் பஸ் நிலையம் இருக்கிற இடம் ஒரு காலத்தில் ஏரி. அதை ஒட்டிய குதிரைப் பந்தய மைதானமும் ஏரிதான். ஏரிப் பூங்காவும் அப்படித்தான். கொஞ்சம் கொஞ்சமாக மண் மேடாகி, நிரவப்பட்டு, தண்ணீர் தரையாகிவிட்டது.

1973-ல் சுற்றுலாத் துறைக்காகத் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் ஏரியில் படகுச் சவாரியை எடுத்து நடத்தத் தொடங்கியது. அன்றிலிருந்து ஏரி என்றாலே 'போட் ஹவுஸ்' என்று ஆகிவிட்டது. ஏரியை ஒட்டிச் சில சாலைகள் போகின்றன. பஸ்சில் போகும்போது தண்ணீர் தெரியும். ஆனால் படகு இல்லத்துக்குள் போய்த் தண்ணீர் ஓரம் நிற்க நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும். மற்ற பக்கங்களில் சில இடத்தில் வேலி, சில இடத்தில் புதர், சில இடத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு போக வேண்டிய நாற்றம்.

இந்தக் கதையிலிருந்து ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஏரி ஒரே நாளில் சுருங்கவில்லை. கரையும் ஒரே நாளில் நம் கையை விட்டுப் போகவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு. ஒவ்வொரு முறையும் அதற்கு ஒரு நல்ல காரணம் சொல்லப்பட்டிருக்கும். பஸ் நிலையம் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? பூங்கா வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் மொத்தமாகக் கூட்டிப் பார்க்கும்போதுதான் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரிகிறது. குழுக் கணக்கும் இப்படித்தானே! ஒரு மாதம் ஒருவர் சந்தா கட்டாவிட்டால் பெரிதாகத் தெரியாது. வருடக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது தெரியும்.

'வழி இருக்கிறது' என்றால் என்ன?

"ஏரிக்கு வழி இருக்கே, யாரும் தடுக்கலையே" என்று சிலர் சொல்லலாம். வழி என்பது கேட் திறந்திருப்பது மட்டும் இல்லை. ஐந்து விஷயம் சேர்ந்தால்தான் ஒரு நீர்க்கரை எல்லோருக்கும் திறந்த கரை.

முதலாவது, நடந்துபோக இடம். பஸ் நிலையத்திலிருந்து ஏரிக்கு நடக்கும் தூரம்தான். ஆனால் சீசன் நேரத்தில் வேன், கார், பஸ் எல்லாம் நெருக்கும்போது, இடுப்பில் குழந்தையும் கையில் பையுமாக ஒரு பெண் அந்தச் சாலை ஓரத்தில் நிம்மதியாக நடக்க முடியுமா? வயதான பாட்டி நடக்க முடியுமா? சக்கர நாற்காலியில் வருகிறவர் போக முடியுமா? தொடர்ச்சியான நடைபாதை இல்லாவிட்டால் ஏரி பக்கத்தில் இருந்தும் தூரத்தில் இருப்பது போலத்தான்.

இரண்டாவது, காசு. படகில் ஏறினால் கட்டணம் கேட்பது நியாயம். படகுக்குச் செலவு இருக்கிறது, ஆள் சம்பளம் இருக்கிறது. ஆனால் தண்ணீரைப் பார்க்க, கரையில் பத்து நிமிடம் உட்காரக் காசு என்றால், ஐந்து பேர் உள்ள குடும்பம் யோசிக்கும். 2024-ல் பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் மலைப் பகுதிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. அதனால் டவுனுக்கு வருவது பல சகோதரிகளுக்கு எளிதாகியது. ஊருக்கு வர வழி கிடைத்தது, ஊரில் உட்கார இடம்தான் கிடைக்கவில்லை.

மூன்றாவது, சுத்தம். ஊட்டி நகரத்தின் கழிவுநீர் கோடப்பமந்து கால்வாய் வழியாக ஏரிக்கு வந்து சேர்வது பல வருடப் பிரச்சினை. மத்திய அரசின் தேசிய ஏரிகள் பாதுகாப்புத் திட்டத்தில் ஊட்டி ஏரியும் சேர்க்கப்பட்டது. தூர் வாரும் வேலைகளும் நடந்திருக்கின்றன. ஆனால் மேலே இருந்து கழிவு வருவது நிற்காதவரை கீழே தூர் வாருவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான். இது ஊட்டிக்காரர்கள் பிரச்சினை மட்டும் இல்லை. ஏரியிலிருந்து வெளியேறும் தண்ணீர் காமராஜ் சாகர் அணைப் பக்கம் போகிறது. நம் மலையின் இந்தப் பக்கத்து நீர் மாயாற்றில் சேர்ந்து, பவானிசாகர் வழியாகச் சமவெளிக்கு இறங்குகிறது. மேலே நாம் அசுத்தம் செய்வதைக் கீழே யாரோ ஒரு சகோதரி குடத்தில் பிடிக்கிறாள்.

நான்காவது, பாதுகாப்பும் வசதியும். பெண்களுக்கு இது மிக முக்கியம். கழிப்பறை இருக்கிறதா? அதில் தண்ணீர் வருகிறதா? கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? விளக்கு எரிகிறதா? குழந்தை தண்ணீரில் விழாமல் கம்பி இருக்கிறதா? மாலையில் குடித்துவிட்டுப் பாட்டில் உடைக்கிற இடமாக இருந்தால், போர்டில் 'பொது இடம்' என்று எழுதியிருந்தாலும் அது ஆண்கள் இடம்தான். பாட்டில் தொல்லையைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை நினைத்துப் பாருங்கள். காட்டிலும் நீரோடையிலும் கண்ணாடி கிடந்து விலங்குகளின் காலைக் கிழிக்கிறது என்பதால், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2022-ல் காலி மதுப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் தரும் திட்டம் நம் நீலகிரியில்தான் முதலில் வந்தது. சரியான இடத்தில் கேட்டால் மாற்றம் வரும் என்பதற்கு இது ஒரு சாட்சி.

ஐந்தாவது, பிழைப்பு. ஏரிக்கரையில் வேகவைத்த சோளம், கேரட், ஸ்வெட்டர், தைலம், வர்க்கி விற்றுப் பிழைக்கிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அந்தக் கரை வேண்டும். கரையை அழகுபடுத்துகிறோம் என்று அவர்களை விரட்டினால், அது யாருக்கான அழகு?

மற்ற ஊர்களில் என்ன செய்தார்கள்?

கொடைக்கானல் ஏரியும் நம் ஏரி மாதிரி மனிதர் வெட்டியதுதான். மதுரை கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் ஓடைகளை மறித்து அதை உண்டாக்கினார். அளவிலும் சுமார் 60 ஏக்கர், கிட்டத்தட்ட நம் ஏரி போலத்தான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். அங்கே ஏரியைச் சுற்றி சுமார் 5 கிலோமீட்டருக்குச் சாலை இருக்கிறது. படகில் ஏறக் காசு, கரையைச் சுற்றி நடக்கக் காசு இல்லை. உள்ளூர்க்காரர்கள் காலையில் நடக்கிறார்கள், கடைக்காரர்கள் கரையிலேயே பிழைக்கிறார்கள். அங்கேயும் கூட்டம், குப்பை, கழிவு எல்லாப் பிரச்சினையும் உண்டு. ஆனால் ஏரி கண்ணிலிருந்து மறையவில்லை. தினமும் பார்க்கிற ஏரி கெட்டுப்போனால் ஊரே கேட்கும். வேலிக்குப் பின்னால் இருக்கிற ஏரி கெட்டுப்போனால் யாருக்குத் தெரியும்?

சென்னை மெரினா நமக்கெல்லாம் தெரியும். 1880-களில் கவர்னர் கிராண்ட் டஃப் காலத்தில் அங்கே கடலோர நடைபாதை போட்டார்கள். இன்றுவரை அங்கே போய் உட்கார யாரும் சீட்டு கேட்பதில்லை. கூலி வேலை செய்கிறவரும் காரில் வருகிறவரும் ஒரே மணலில் உட்காருகிறார்கள்.

பக்கத்தில் கோயம்புத்தூரைப் பாருங்கள். 2016-ல் ஸ்மார்ட் சிட்டித் திட்டத்துக்கு அந்த நகரம் தேர்வானது. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் போன்ற குளக்கரைகளில் நடைபாதை, விளக்கு, உட்காரும் இடம் எல்லாம் வந்தன. முன்பு குப்பை மேடாகக் கிடந்த கரையில் இப்போது மாலையில் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். இது நல்லது. ஆனால் அந்தக் கதையின் இன்னொரு பக்கமும் உண்டு. குளக்கரைகளில் பல வருடமாகக் குடியிருந்த ஏழைக் குடும்பங்கள் நகரத்துக்கு வெளியே உள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. வேலைக்குப் போகிற பெண்களுக்குத் தூரம் கூடியது. கரையில் நிறைய சிமெண்ட் போட்டதைப் பற்றியும் கேள்விகள் எழுந்தன.

வெளிநாடுகளிலும் இதே கேள்விதான். சுவீடன் நாட்டில் கடல், ஏரி, ஆறு ஆகியவற்றின் கரையிலிருந்து பொதுவாக 100 மீட்டர் வரை புதிதாகக் கட்டிடம் கட்டக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. மக்கள் நடமாடவும் வேண்டும், செடிகொடி, பறவை, மீன் வாழவும் வேண்டும் என்பதுதான் காரணம். அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் ஏரியோரத்து நிலத்தைக் கட்டிடம் இல்லாமல் பொதுவாக வைக்க வேண்டும் என்று 1836-லேயே வரைபடத்தில் எழுதி வைத்தார்கள். பிற்காலத்தில் அங்கே கட்டிடம் கட்ட வந்தவர்களை எதிர்த்து மக்கள் கோர்ட்டுக்குப் போனபோது, வரைபடத்தில் எழுதியிருந்த அந்த வார்த்தைதான் கை கொடுத்தது. எழுதி வைத்தால்தான் நிற்கும் என்பது தீர்மானப் புத்தகம் வைத்திருக்கிற நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்றைக்கு ஏன் இதைப் பேச வேண்டும்?

2024 ஜூன் மாதம் ஊட்டி குதிரைப் பந்தய மைதானத்தின் சுமார் 52 ஏக்கர் நிலத்தைக் குத்தகை பாக்கிக்காக வருவாய்த் துறை எடுத்துக்கொண்டது. அங்கே சூழல் பூங்கா அமைக்கும் யோசனையும் வந்தது. விஷயம் நீதிமன்றத்துக்கும் போனது. வழக்கு பெரியவர்கள் விஷயம் என்று நாம் ஒதுங்கிவிடக்கூடாது. முன்பு சொன்னோமே, அந்த இடம் ஒரு காலத்தில் ஏரி. நகரத்தின் நடுவில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், இவ்வளவு பெரிய தாழ்வான நிலம் இனி கிடைக்காது. அதில் என்ன வரப்போகிறது? மழைத் தண்ணீர் நிற்கிற புல்வெளியாக இருக்குமா, சிமெண்ட் தளமா? சீட்டு வாங்கி நுழைகிற பூங்காவா, பஸ்சுக்குக் காத்திருக்கிற பெண் குழந்தையோடு போய் உட்காருகிற இடமா? இது போன்ற விஷயங்கள் பேசப்படும்போது நம் குரலும் அங்கே இருக்க வேண்டும்.

அழகுபடுத்தும் திட்டம் எது வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். யாருக்காக? யாரை வெளியே தள்ளி? தண்ணீருக்கு நல்லதா? இந்த மூன்றுக்கும் சரியான பதில் இருந்தால் கை தட்டுவோம். இல்லாவிட்டால் கை தூக்குவோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

- நீர்நிலை பொதுச் சொத்து. குளம், குட்டை, காடு, மலை எல்லாம் சமுதாயத்தின் பொது வளங்கள், அவற்றைப் பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001-ல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் சொல்லியிருக்கிறது.
- ஏரிகள் பாதுகாப்பு. பொதுப்பணித் துறைக் கட்டுப்பாட்டில் உள்ள ஏரிகளின் எல்லையை அளந்து, ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது.
- தகவல் உரிமைச் சட்டம், 2005. 10 ரூபாய் கட்டணத்தோடு மனுக் கொடுத்தால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம்.
- சாலையோர வியாபாரிகள் சட்டம், 2014. நகர விற்பனைக் குழு அமைக்க வேண்டும். அதில் 40 சதவீதம் பேர் வியாபாரிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கணக்கெடுப்பு முடித்துச் சான்று கொடுக்கும் முன்பு யாரையும் அப்புறப்படுத்தக்கூடாது. ஏரிக்கரையில் கடை போடுகிற நம் உறுப்பினர்கள் இதைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.
- நகர ஊரமைப்புச் சட்டம், 1971. நகரத்துக்கு முழுமைத் திட்டம் போடும்போது வரைவை வெளியிட்டு, மக்கள் கருத்துச் சொல்லக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும். அந்த நேரத்தில் நாம் எழுதிக் கொடுக்காவிட்டால், "மக்களிடம் ஆட்சேபனை இல்லை" என்றுதான் பதிவாகும்.

எந்த அலுவலகத்தில் கேட்பது?

"இது எங்க வேலை இல்லம்மா, அந்த ஆபீஸ்ல கேளுங்க" என்று அலைய விடுவதுதான் பெரிய தொல்லை. அதனால் இந்தப் பட்டியலை வெட்டிக் குழுப் பதிவேட்டில் ஒட்டி வையுங்கள்.

- ஏரித் தண்ணீர், கரை, எல்லை, தூர் வாருதல் – நீர்வளத் துறை
- படகு இல்லம், நுழைவுச் சீட்டு – தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம்
- கழிவுநீர், குப்பை, தெரு விளக்கு, பொதுக் கழிப்பறை, கடை இடம் – நகராட்சி
- பெரிய சாலை, அதன் நடைபாதை – நெடுஞ்சாலைத் துறை
- தண்ணீர் மாசு – மாசு கட்டுப்பாட்டு வாரியம்
- குழுக்களுக்கு விற்பனை இடம் – மகளிர் திட்ட அலுவலகம்
- எங்கே போவது என்று தெரியாதபோது – திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் கூட்டம்

மனுக் கொடுத்தால் ரசீது வாங்காமல் வரக்கூடாது. ரசீது இல்லாத மனு, கையெழுத்து இல்லாத பாஸ்புக் மாதிரி.

கிராமங்களில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம் உட்பட நடக்கிற கிராம சபைகளில் நம் ஊர் ஊற்று, ஓடை, தடுப்பணை பற்றித் தீர்மானம் கொண்டுவரலாம். நகரத்தில் இருக்கிற குழுக்களுக்கு 2022 முதல் பகுதி சபை, வார்டு குழு என்ற ஏற்பாடு இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

குழுப் பயிற்சி: கோலமாவு வரைபடம்

இதைப் படித்துவிட்டு மூடி வைத்தால் பாடம் முடியாது. அடுத்த கூட்டத்தில் இந்தப் பயிற்சியைச் செய்யுங்கள். ஒன்றரை மணி நேரம் போதும். ஊட்டிக்குத் தூரத்தில் இருக்கிற குழுக்கள், குன்னூர் ஆறோ, கூடலூர்ப் பக்கத்து ஓடையோ, எஸ்டேட் தடுப்பணையோ, உங்கள் ஊர் ஊற்றோ, பக்கத்தில் எது இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

படி 1. முற்றத்தில் கோலமாவால் அந்த நீர்நிலையை வரையுங்கள். வயதில் மூத்த உறுப்பினரைக் கூப்பிட்டு, அவர் சின்ன வயதில் தண்ணீர் எதுவரை இருந்தது என்று வேறு நிறத்தில் இன்னொரு கோடு போடச் சொல்லுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இன்று என்ன இருக்கிறது என்று பேசுங்கள்.

படி 2. தண்ணீருக்கு நடந்து போகிற வழிகளுக்கு நூலை வையுங்கள். வேலி, பூட்டிய கேட் இருக்கும் இடத்தில் கல்லை வையுங்கள். கழிவுநீர் கலக்கும் இடத்தில் கரித்துண்டு. பெண்கள் போகப் பயப்படும் இடத்தில் சிவப்பு மிளகாய். நம் உறுப்பினர்கள் கடை போடும் இடத்தில் ஒரு கேரட் துண்டு. மருந்து அடிக்கும் தோட்டம் ஓடைக்குப் பக்கத்தில் இருந்தால் அதையும் குறியுங்கள். அது நம்முடைய தோட்டமாகவே இருந்தாலும் சரி!

படி 3. நான்கு பேர் சேர்ந்து ஒருநாள் காலையிலும் ஒருநாள் மாலையிலும் அந்த வழியாக நடந்து பாருங்கள். கூட ஒரு வயதானவரும் ஒரு சிறு குழந்தையும் வரட்டும். அவர்கள் தடுமாறுகிற இடத்தையெல்லாம் எழுதுங்கள். ஐந்து பேர் குடும்பம் ஊரிலிருந்து வந்து, கரையில் அரை மணி நேரம் இருந்து, ஒரு டீ குடித்துத் திரும்ப எவ்வளவு செலவாகிறது என்று கணக்குப் போடுங்கள். அதை ஒருநாள் கூலியோடு வைத்துப் பாருங்கள்.

படி 4. கண்டதையெல்லாம் எழுதி, எது முதலில் வேண்டும் என்று ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை கொடுத்து ஓட்டுப் போடுங்கள். அதிகம் வாங்கிய மூன்று விஷயத்தை மட்டும் மனுவில் எழுதுங்கள். இருபது விஷயம் எழுதினால் ஒன்றும் நடக்காது.

மாதிரி மனு

பெறுநர்: ஆணையர் அவர்கள், நகராட்சி அலுவலகம், உதகமண்டலம்.
நகல்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், நீலகிரி.

ஐயா / அம்மா,

நாங்கள் .......... கிராமத்தைச் சேர்ந்த .......... மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்கள் (.... பேர்). .......... தேதிகளில் பஸ் நிலையத்திலிருந்து ஏரிக்கரை வரை நடந்து பார்த்தோம். கண்ட குறைகளை வரைபடத்துடன் இணைத்துள்ளோம். கீழ்க்கண்டவற்றைச் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

1. பஸ் நிலையத்திலிருந்து ஏரிக்கரை வரை தடையில்லாத நடைபாதை.
2. கரையில் கட்டணமில்லாமல் உட்காரும் இடமும், தண்ணீர், விளக்கு, தாழ்ப்பாளுடன் பெண்கள் கழிப்பறையும்.
3. கோடப்பமந்து கால்வாயில் கலக்கும் கழிவுநீரைத் தடுக்க இதுவரை எடுத்த நடவடிக்கை என்ன, அடுத்து என்ன என்ற எழுத்துப்பூர்வமான பதில்.

இப்படிக்கு, (எல்லா உறுப்பினர்களின் கையெழுத்து அல்லது கைநாட்டு), தேதி, தீர்மான எண்.

நீங்கள் கேட்கும் கேள்விகள்

*"எல்லாருக்கும் திறந்துவிட்டா குப்பை போட்டு நாசம் பண்ணிடுவாங்களே?"*
இந்தப் பயம் நியாயமானது. ஆனால் சீட்டு வாங்கிப் போகிற இடத்திலும் குப்பை கிடக்கிறதே! குப்பையைத் தடுப்பது கட்டணம் இல்லை. தொட்டியும், தினமும் அதைக் காலி செய்கிற ஆளும், பார்த்துக் கேட்கிற மக்களும்தான். பிளாஸ்டிக் தடையை மற்ற மாவட்டங்களுக்கு முன்னாலேயே செய்து காட்டிய மாவட்டம் நம்முடையது. அது சட்டத்தால் மட்டும் நடக்கவில்லை, கடைக்காரரும் வீட்டுப் பெண்களும் ஒத்துழைத்ததால் நடந்தது.

*"கரை முழுக்க நடைபாதை கேட்கலாமா?"*
வேண்டாம். கொஞ்சம் கரையைத் தண்ணீருக்கே விட வேண்டும். நாணலும் புல்லும் இருக்கிற சதுப்பு ஓரம்தான் வரும் அழுக்கை வடிகட்டுகிறது, பறவைக்கும் தவளைக்கும் வீடாக இருக்கிறது. எல்லாக் கரையிலும் சிமெண்ட் போட்டால் அது ஏரியாக இருக்காது, தொட்டியாகிவிடும். அதேபோல அவலாஞ்சி போன்ற காட்டு நீர்நிலைகளில் வனத்துறை கட்டுப்பாடு வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே முதல் உரிமை விலங்குகளுக்கு. ஊருக்கு நடுவில் இருக்கிற ஏரி வேறு, காட்டுக்குள் இருக்கிற ஏரி வேறு. உரிமை கேட்கிற நாம் இந்த வித்தியாசத்தையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

*"கழிப்பறையைப் பராமரிக்கிற பொறுப்பை நம்ம குழுவே எடுக்கலாமா?"*
எடுக்கலாம். ஆனால் அவசரப்பட வேண்டாம். தண்ணீர் யார் தருவது, கரண்ட் பில் யார் கட்டுவது, ரிப்பேர் செலவு யாருடையது, மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில் பணம் வரும் என்று எல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். சேவை என்ற பெயரில் பெண்களைச் சும்மா வேலை வாங்குவதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

*"நமக்கு ஆயிரம் வேலை. ஏரிக்கரையில் உட்கார நேரம் ஏது?"*
இந்தக் கேள்வியைத்தான் நாங்கள் அதிகம் கேட்டோம். காலை நான்கு மணிக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, இலை பறிக்கப் போய், எடை போட்டு, விறகு தூக்கி வருகிற பெண்ணுக்கு நேரம் இல்லைதான். ஆனால் அந்தப் பெண்ணுக்கும் ஓய்வு ஓர் உரிமை. டவுனுக்கு வந்த நாளில் பாங்க் வேலை முடிந்து, அடுத்த பஸ்சுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது, கடை வாசல் படியில் யாராவது எழுப்பிவிடுவார்களோ என்று ஒடுங்கி உட்காராமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார ஒரு இடம் வேண்டும். இது ஆடம்பரம் இல்லை.

குழுவில் பேசுவதற்கு

1. நம் ஊரில் முன்பு எல்லோரும் புழங்கிய நீர்நிலை எது? இன்று அங்கே போக முடிகிறதா? முடியாவிட்டால் எப்போதிலிருந்து?
2. அதில் கலக்கும் அழுக்கில் நம் வீட்டிலிருந்து போவது எவ்வளவு?
3. கரையில் கடை போடும் உறுப்பினர்களிடம் வியாபாரி அடையாளச் சான்று இருக்கிறதா?
4. கரை திறந்தால் நம் குழுவில் யாருக்கு அதிகப் பயன்? யாருக்கு நஷ்டம் வரக்கூடும்?

வரைபடத்தையும் தீர்மான நகலையும் அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். எல்லாக் குழுக்களின் வரைபடத்தையும் ஒன்றாக விரித்து வைத்தால், ஒரு குழு தனியாகப் பார்த்துத் தெரியாதது பத்துக் குழு சேர்ந்து பார்த்தால் தெரியும். பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரே நாளில், ஒரே மனுவாகக் கொடுப்போம்.

சல்லிவன் காலத்தில் கரையை எழுப்ப மண் சுமந்தவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. ஆனால் அது அப்படிக் கூலிக்கு உழைத்தவர்களால் உயர்ந்த கரை. உழைத்தவர்களின் பேத்திகள் அதில் உட்கார யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை, முறையாகக் கேட்டால் போதும்.

சேர்ந்து நடப்போம், சேர்ந்து கேட்போம்.